காலில் நீர், தொண்டையில் தாகம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. குரோம்பேட்டையில் இருக்கிறேன். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பதினோரு வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணி ஆகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்துவிடுகிறது. காலையில் எழுந்தால் வீக்கம் இருப்பதில்லை. பகலில் சிறுநீர் சரியாகப் போவதில்லை. போனாலும் அடர் மஞ்சளாக, எரிச்சலோடு போகிறது. ஆனால் ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. கீழ்த்தட்டில் புடவை அடுக்கிவிட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அதனால் கடையில் தண்ணீரே குடிப்பதில்லை. 'உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டது, இன்னும் குறைத்துக் குடி' என்கிறாள் அக்கா. மருந்துக்கடையில் நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் போட்டேன். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் தலைசுற்றல் அதிகமாகி, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. என் மாமியார் இரண்டு வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டு இறந்தார். எனக்கும் கிட்னி போய்விட்டதா? என் உடம்பில் தண்ணீர் அதிகமா, குறைவா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தண்ணீர் அதிகமா, குறைவா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, மருந்துக்கடையில் அதை ஒருவர் யோசித்திருந்தால் அந்த மாத்திரை உங்கள் கைக்கு வந்திருக்காது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. சில பரிசோதனைகள் கட்டாயம் வேண்டும், அவற்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: உங்கள் உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கிறது. இருக்கிற தண்ணீரும் இடம் மாறிக் காலில் நிற்கிறது. வீட்டில் அந்த மாத்திரை மிச்சம் இருந்தால் தொடாதீர்கள்.

சென்னையில் வீடு நடத்தும் உங்களுக்கு இது சட்டென்று புரியும். கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது. மேலே டேங்க் காலி, குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. காரணம், மோட்டார் ஓடவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'சம்ப்பில் தண்ணீர் ரொம்பத் தேங்கிவிட்டது, இறைத்துக் கொட்டுங்கள்' என்று சொன்னால் விடுவீர்களா? அந்த மாத்திரை செய்தது அதைத்தான். சம்ப்பு கொஞ்சம் இறங்கியது, மேல் டேங்க் இன்னும் வற்றியது. தலைசுற்றல் அதிகமானது அதனால்தான்.

மோட்டார் என்றதும் இதயம் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் 5 லிட்டர். கிட்டத்தட்ட உடம்பிலுள்ள ரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தள்ளுவேகம் இதயத்திலிருந்து விலகப் போகப் போகக் குறையும். தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்களான தந்துகிகளைத் தாண்டி மறுபக்கம் வரும்போது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். பாதத்திலிருந்து மார்புவரை நாலடி உயரம் ஏற அது போதாது. அதற்காகக் கீழேயே இன்னொரு மோட்டார் வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் உங்கள் கெண்டைக்கால் தசை.

இதைப் படிக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கையை மடிக்குக் கீழே ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். புறங்கையில் பச்சைக் கோடுகள் புடைத்து எழும்பும். நாம் பேச்சில் 'நரம்பு' என்கிறோம், உண்மையில் அவை ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள். இப்போது அதே கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். நாலைந்து விநாடியில் புடைப்பு அடங்கி, தோல் சமமாகிவிடும். உங்கள் கால் ஒரு நாளில் பதினொரு மணி நேரம் அந்தத் தொங்கவிட்ட கையின் நிலையில் இருக்கிறது.

சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. மேலே போகும் ரத்தத்துக்கு வழிவிட்டு, கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், மேல்கையில் துணியைக் கட்டி, புடைத்த சிரையை விரலால் நீவி, ரத்தம் ஒரு பக்கமாகத்தான் போகும் என்று காட்டினார். ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்ற அவருடைய வாதத்துக்கு அது முக்கியமான சான்று. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்கிறது. இறுகும் ஒவ்வொரு தடவையும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது, வால்வு அதைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

அசையாமல் நின்றால் பிழிய ஆள் இல்லை. அப்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் அளவுக்கு ஏறிவிடும். நடக்க ஆரம்பித்த சில அடிகளிலேயே அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நிற்பதற்கும் நடப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் என்பது பலருக்குத் தெரியாது. 'நான் நாள் முழுக்கக் காலில்தான் நிற்கிறேன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி' என்று என்னிடம் கேட்காத கடை ஊழியர் இல்லை. நிற்பது காலுக்குப் பாரம், நடப்பதுதான் அதற்கு வேலை.

அந்த அழுத்தத்தில் தந்துகிகளின் சுவர் வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதி மெல்லக் கசிந்து, தோலுக்கடியில் தேங்குகிறது. சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது இந்த நீர்தான். கசிவதைத் திரும்பச் சேகரிக்க நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் தசை அசைந்தால்தான் நல்ல ஓட்டம்.

என் அம்மா பள்ளி ஆசிரியை. முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர். பள்ளிவிட்டு வந்ததும் தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். சின்ன வயதில் அது ஏதோ விளையாட்டு என்று நானும் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கிக்கொள்வேன். மருத்துவம் படிக்கப் போனபிறகுதான் அம்மா தன் காலுக்குத் தானே வைத்தியம் செய்துகொண்டிருந்தது புரிந்தது. வெரிகோஸ் சிரைகள் முறுக்கிக்கொண்டு கணுக்கால் தோல் கறுத்தபிறகுதான் நான் அவருடைய காலைச் சரியாகப் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூச்சும் ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. நீங்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் திரையான உதரவிதானம் கீழே இறங்கி வயிற்றை அழுத்துகிறது. வயிற்றுச் சிரைகளில் இருக்கும் ரத்தம் மார்புக்குள் உறிஞ்சப்படுகிறது. உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மேல்மூச்சாக விட்டுக்கொண்டிருந்தால் இந்த உதவியும் குறையும். நாடாவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள்.

இனி சிறுநீருக்கு வருவோம். 2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொண்டோம். ஒரு குடம் வீணானால் வீட்டில் சண்டை வரும். உங்கள் சிறுநீரகங்கள் ஒவ்வொரு பகலும் அந்தக் கோடையைத்தான் நடத்திக்கொண்டிருக்கின்றன.

இதயம் தள்ளும் 5 லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் நிமிடந்தோறும் சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீர் 180 லிட்டர். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கேன். அதில் சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர் போலத்தான். மிச்சம் முழுவதையும் சிறுநீரகம் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு ஹார்மோன்களிடமிருந்து வருகிறது.

நீங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் நின்றபடி மாம்பலம் வந்து, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நடந்து வருவதற்குள் ரவிக்கை நனைந்திருக்கும். அப்புறம் ஏ.சி.க்குள் போனதும் தாகம் அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் இழந்த நீர் இழந்ததுதான். ரத்தம் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கெட்டிப்பட்டாலே மூளையின் அடியிலுள்ள ஹைபோதாலமஸ் கண்டுபிடித்துவிடும். அங்கே உருவாகும் வாசோபிரசின் என்ற ஹார்மோன், பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி வழியாக ரத்தத்தில் இறங்கும். 'சொட்டுகூட விடாதே' என்று சிறுநீரகத்துக்கு அது சொல்லும். சிறுநீர் குறைந்து, அடர்ந்து, மஞ்சள் ஏறுவது இப்படித்தான். அந்த அடர் மஞ்சளைப் பார்த்துக் கிட்னி கெட்டுவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். சிறுநீரை இவ்வளவு சுண்ட வைப்பது கடினமான வேலை. நோயில் தளர்ந்த சிறுநீரகம் முதலில் இழக்கும் திறமைகளில் அதுவும் ஒன்று. உங்கள் சிறுநீரகம் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கீழே போக முடியாது. உடம்பின் கழிவைக் கரைத்து வெளியேற்ற அவ்வளவாவது வேண்டும்.

காலில் ரத்தம் தேங்கும்போது இன்னொரு உத்தரவும் கிளம்புகிறது. இதைப் படித்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு இதில் வியப்பு குறையவில்லை. எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழ்ப்பாதிக்கு இறங்கிவிடும். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறையும். சிறுநீரகம் உடனே ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் மிதக்கவிட்டிருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டும். வெட்டிய துண்டுக்கு இன்னும் வேலை செய்யத் தெரியாது. அது பெரும்பாலும் நுரையீரலின் ரத்தக்குழாய்களைக் கடக்கும்போது அங்கிருக்கும் ஒரு நொதி அதை இன்னொரு தடவை நறுக்கும். அப்போதுதான் அது முழு ஹார்மோனாகும். ரத்தக்குழாய்களை இறுக்கும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோனை எழுப்பும். ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைக்கும், உப்போடு நீரும் தங்கும்.

கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல், அட்ரினல் என்று நான்கு இடத்தில் கை மாறி முடிகிறது இந்த வேலை. பள்ளிப் பாடத்தில் சுவாச மண்டலம், கழிவு மண்டலம் என்று தனித்தனிப் படம் போட்டுப் படித்ததால் நுரையீரலுக்கு மூச்சு மட்டும்தான் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். ரத்தக் கொதிப்புக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகள் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. அதைப் போட்ட சிலருக்கு வறட்டு இருமல் வருவதும் அந்த நொதி தடைபடுவதால்தான்.

இப்போது உங்கள் நிலையைப் பாருங்கள். ஒரு பக்கம் காலில் நீர் கசிந்து நிற்கிறது. மறுபக்கம் ஓடும் ரத்தத்தில் நீர் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் ஒவ்வொரு சொட்டையும் பிடித்து வைக்கிறது. இந்த நேரத்தில் நீர் மாத்திரை போட்டதும் அது சிறுநீரகத்தின் பிடியை வலுக்கட்டாயமாகத் தளர்த்தி, ஓடும் ரத்தத்திலிருந்தே நீரை எடுத்துக் கொட்டிவிட்டது. கூடவே சோடியமும் பொட்டாசியமும் போயின. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது அதனால் இருக்கலாம். இதய நோயாளிக்கு உயிர் காக்கும் மருந்து அது. யாருக்கு, எந்த அளவில் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியதை, 'கால் வீக்கமா, இந்தாங்க' என்று கவுண்டரில் எடுத்துக் கொடுப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பதைச் சர்க்கரை வியாதியோ என்றும் நீங்கள் பயந்திருக்கலாம். ரத்தச் சர்க்கரை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு இன்னொரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. படுத்ததும் கால் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. பகலெல்லாம் தேங்கிய நீர் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதயத்தின் மேலறைகள் அந்த வரவில் சற்று விரிகின்றன. விரிந்ததும் அவையே ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'இப்போது தண்ணீர் இருக்கிறது, உப்பையும் நீரையும் வெளியே விடலாம்' என்று சிறுநீரகத்துக்குச் சொல்கின்றன. வெறும் பம்ப் என்று நினைத்த இதயம் ஒரு சுரப்பியும்தான் என்பது 1981இல்தான் தெரியவந்தது. கனடாவில் டி போல்ட் என்பவரின் குழு எலி இதயத்தின் மேலறைச் சாற்றை எடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, அவை சரசரவென்று சிறுநீர் கழித்தன. காலையில் உங்கள் கால் வற்றியிருப்பதும் இரவில் நீங்கள் எழுந்திருப்பதும் ஒரே தண்ணீரின் கதைதான்.

எரிச்சலைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நான்கு சென்டிமீட்டர்தான். வெளியிலிருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் சுலபமாக உள்ளே ஏறிவிடும். அடிக்கடி போகும் சிறுநீர் அவற்றை அடித்துக்கொண்டு வெளியே தள்ளும். அரை நாள் அடக்கி வைத்தால் அவை பெருக இடமும் நேரமும் கிடைக்கிறது. சிறுநீரைக் கல்ச்சர் செய்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்தபிறகு மருந்து எடுங்கள். மருந்துக்கடையில் பாதி கோர்ஸ் வாங்கிப் போடாதீர்கள்.

மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு நுரையீரலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். நுரையீரலில் முப்பது கோடிக் காற்றறைகள் பிராணவாயுவோடு காத்திருந்தாலும், அதை ஏற்றிச் செல்ல ரத்தத்தில் வண்டி வேண்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் வண்டி குறைந்துவிட்டது என்று அர்த்தம். இதயம் அதே சரக்கை அதிக நடையில் கொண்டுபோகப் பார்க்கும். படபடப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் எல்லாம் வரும். தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போனால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்பும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனையும் சிறுநீரகம்தான் சுரக்கிறது. டயாலிசிஸ் செய்தபோது உங்கள் மாமியாருக்கு அந்த ஊசி போட்டிருப்பார்கள். அதனால் ஹீமோகுளோபினையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாமியாரைப் பற்றிச் சொன்னீர்கள். இரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்த கண்ணுக்கு எந்த வீக்கமும் அதே வீக்கமாகத்தான் தெரியும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொந்தத்துக்குள் திருமணம் ஆகவில்லையென்றால் அவருக்கும் உங்களுக்கும் ரத்த உறவு இல்லை, அவருடைய நோய் பரம்பரையாக உங்களுக்கு வராது. உங்கள் கணவரும் பிள்ளைகளும்தான் அவருடைய ரத்தம். கணவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த வாரம் நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிறுநீரக நோயின் வீக்கம் பெரும்பாலும் காலையில் கண் இமையிலும் முகத்திலும் தெரியும், சிறுநீர் சோப்பு நுரை மாதிரி நுரைக்கும். இதயம் தளர்ந்தவருக்குப் படுத்தால் மூச்சு முட்டும், தலையணை மேல் தலையணை வைத்துக்கொள்வார். இவை எதையும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் வீக்கம் இரண்டு காலிலும் சமமாக, நின்ற நாளில் வந்து, படுத்த இரவில் போகிறது. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோடு மூச்சிரைத்தாலோ, குளிர்காய்ச்சலோடு முதுகுப் பக்கம் வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒரு கால் வீக்கம் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அந்த உறைவு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கால் வலிக்கு வலி மாத்திரை போடுகிறீர்களா? டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உப்பைத் தேக்கி வீக்கத்தைக் கூட்டும். தண்ணீர் குடிக்காத உடம்பில் அவை சிறுநீரகத்துக்கு நிஜமாகவே கெடுதல் செய்யும். உங்கள் விஷயத்தில் கிட்னியைப் பற்றி எனக்குப் பயம் என்றால் அது இதில்தான்.

பரிசோதனை என்று பெரிய பேக்கேஜ் எதுவும் வேண்டாம். சிறுநீர் முழுப் பரிசோதனை, அதில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். சிறுநீர் கல்ச்சர், ரத்தத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஒரு ஈ.சி.ஜி. ரத்த அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சிறுநீரகத்தின் வேலை பாதி குறையும்வரைகூட அது சரியாகவே காட்டலாம். சிறுநீரில் கசியும் அல்புமின்தான் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லும். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள், அவர்கள் தேவைப்பட்டால் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது இல்லையென்றால் உங்களுக்குப் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பரிசோதனைகளில் இதயமும் சிறுநீரகமும் சரி என்று வந்தால், தண்ணீரைக் கூட்டுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு டம்ளர், கடையில் ஒரு மணி நேரத்துக்கு அரை டம்ளர், மதியம் லேசாக உப்புப் போட்ட மோர். லிட்டர் கணக்கு வேண்டாம், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் ராத்திரி எழுந்திருப்பதும் குறையும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். புடவை விரித்துக் காட்டும்போது இதை வாடிக்கையாளர் கவனிக்கக்கூட மாட்டார். அரை மணிக்கு ஒரு தடவை இருபது முறை. கீழ்த்தட்டிலிருந்து எழும்போது ஒரே மூச்சில் எழாமல், ஒரு முழங்காலை ஊன்றி, கெண்டைக்காலை இரண்டு தடவை இறுக்கிவிட்டு எழுந்திருங்கள். கழுத்து ரத்தக்குழாயிலுள்ள அழுத்த உணரிகள் இதயத்தை முடுக்கிவிட அந்தச் சில விநாடிகள் உதவும். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் சுவரில் காலைத் தூக்கி வையுங்கள். முழங்காலுக்குக் கீழே போடும் அழுத்தக் காலுறை நல்ல பலன் தரும், ஆனால் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்து மருத்துவர் அளவு சொன்னபிறகு வாங்குங்கள். வீக்கம் ஏறுவதற்கு முன், காலையிலேயே போட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது ரயிலில் புழுங்கும் என்பதால் கடைக்கு வந்ததும் போட்டுக்கொள்வதாக இருந்தாலும் சரி.

இவ்வளவையும் நீங்கள் செய்தாலும் உட்கார நாற்காலி இல்லையென்றால் பாதிதான் பலன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் வந்தது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். உங்களுக்கு மட்டும் வீங்கும் கால் இல்லை அது.

கழிப்பறை விஷயத்துக்கு நான் என் கிளினிக்கில் ஒரு வழி வைத்திருக்கிறேன். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமும் அதையே கேளுங்கள். அவருடைய சீட்டில், முத்திரையோடு, இந்த ஒரு வரி: 'இவருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கான சிகிச்சை நடக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை இவர் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்.' ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அசலைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் அல்புமின், ஹீமோகுளோபின் இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.